நூலகத்தில் நம் முன்னோரைத் தேடுதல்
(கல்லூரி மாணவர்க்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை)

ஒரு சமுதாயத்தின் வரலாறு அச்சமுதாயத்தாரின் நாவில் மட்டும் வாழுமாயின், மூன்று தலைமுறைக்குள் அது தேய்ந்து மறையும். ஏட்டில் ஏறிய வரலாறோ, அதனை எடுத்துப் படிப்பார் வரும்வரை காத்திருக்கும். நம் மக்களைப் பற்றி எழுதப்பெற்ற ஏடுகள் இல்லாமற் போய்விடவில்லை. அம்பத்தூரிலோ ஆவடியிலோ புகைவண்டி ஏறிச் சென்னைக்குச் சென்று, அங்கிருந்து எழும்பூரை அடைந்தால் அவ்வேடுகள் இருக்கும் மாளிகைகளைக் கண்ணாற் காணலாம். அவற்றைத் தேடி எடுத்து, படித்து, ஆராய்ந்து உண்மை காணும் முறை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படாமையே குறையாகும். கால் நூற்றாண்டாக நம் பகுதிப் பிள்ளைகளைப் பள்ளியிலும் கல்லூரியிலும் சேர்த்து ஊக்கி வந்துள்ள நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், அடுத்து ஆற்ற வேண்டிய பணி இதுவே எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

எம்மிடம் பள்ளியில் பயின்று கல்லூரி சென்ற மாணவர் சிலர், பட்ட வகுப்பின் இறுதியில் ஆய்வேடு எழுத நேரும்போது எம்மை நாடி வருவதுண்டு. "ஐயா, எங்கள் ஊரைப் பற்றியும் எங்கள் மக்களைப் பற்றியும் நூலகத்தில் ஒன்றுமே இல்லை" என்று அவர்கள் கூறுவர். எப்பெயரைக் கொண்டு தேடினீர்கள் என்று யாம் வினவினால், இன்று வழங்கும் பெயரையே கூறுவர். இடர்ப்பாட்டின் வேர் அங்கேதான் உள்ளது. நூலகம் ஊமையன்று, அதனிடம் எம்மொழியில், எப்பெயரில் கேட்க வேண்டும் என்பதை அறிதல் வேண்டும்.

நூலகக் கதவு திறந்த வரலாறு

சென்னை எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள கன்னிமாரா நூலகத்திற்கு 1890 மார்ச்சு 22ஆம் நாள் ஆளுநர் கன்னிமாரா பிரபு அடிக்கல் நாட்டினார். 1896 டிசம்பர் 5ஆம் நாள் அது பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்பெற்றது. நாடு விடுதலை பெற்றபின் அது மாநிலத்தின் மைய நூலகமாயிற்று. 1954ஆம் ஆண்டின் நூல் அளிப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் நூல் ஒவ்வொன்றிலும் ஒரு படி பெறும் உரிமையுடைய நான்கு நூலகங்களுள் ஒன்றாகவும் அது விளங்குகின்றது.

கட்டடம் எழுந்தமை மட்டும் போதாது. படிப்போர்க்கு நூலகர் துணைநின்று வழிகாட்ட வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்றியமைக்குப் பெருங்காரணமாயிருந்தவர் சீர்காழியிற் பிறந்த எசு. ஆர். அரங்கநாதனார். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக் கொண்டிருந்த அவர், 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று 1925இல் மீண்ட அவர், பூட்டிய அலமாரியில் நூல்களைக் காத்தலே நூலகப் பணி என்றிருந்த நிலையை மாற்றினார். படிப்போர் தாமே அடுக்குகளினிடையே சென்று நூல்களை எடுத்துப் பார்க்க இடமளித்தார். ஐயம் கொண்டு வருவாரை எதிர்கொண்டு, அவர் நாடிய செய்தி எந்நூலில் கிடைக்கும் எனக் காட்டுவதை நூலகரின் தலையாய கடமையாக்கினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளைக் கூறும் அவர்தம் நூலும், 1933இல் கோலன் பகுப்பு முறை நூலும் வெளிவந்தன. அவர் முயற்சியின் பயனாக 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் முதலாவது இதுவே. வீட்டு வரியோடு சேர்த்து வாங்கப்பெறும் நூலக வரி இச்சட்டத்தின்வழி வந்ததாகும்.

இதனை ஈண்டு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நூலகத்தினுள் நுழைந்து, "இப்பொருள் பற்றி எனக்கு நூல் வேண்டும், உதவுங்கள்" என்று கேட்பது இரத்தல் அன்று. நம் பெற்றோர் செலுத்திய வரியால் நமக்கு வாய்த்த உரிமை. கோயில் வாயிலிலும் குளத்தங்கரையிலும் தடுக்கப்பட்ட மக்களின் வழிவந்த பிள்ளைகள், பெரிய கட்டடம் ஒன்றைக் கண்டதும் வாயிலில் தயங்கி நிற்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. அத்தயக்கத்தை விடுதலே ஆய்வின் முதற்படியாகும்.

பெயர்கள் மாறிய வரலாறு

இனி, எப்பெயரில் தேடுவது என்னும் வினாவிற்கு வருவோம். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நம் மக்களைக் குறிக்க ஆட்சியாளர் ஆண்ட சொற்கள் பலவாகும். 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில ஆவணங்களில் 'பறையா' என்னும் சொல்லே பெருவழக்கு. அதன் இறுதிப் பகுதியில் 'பஞ்சமர்' என்னும் பெயர் பரவிற்று. கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றை அடுத்த ஊரூரில் தொடங்கிய இலவசப் பள்ளியும் பஞ்சமர் பள்ளி என்றே வழங்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ஒடுக்கப்பட்ட வகுப்பார்' என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடர் ஆட்சிச் சொல்லாயிற்று. எம். சி. இராசா அவர்கள் சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியால் 1922இல் 'ஆதி திராவிடர்' என்னும் பெயர் அரசின் ஏற்பைப் பெற்றது. 1930களில் 'அரிசனர்' என்பதும், 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தை ஒட்டிப் 'பட்டியல் சாதியினர்' என்பதும் வந்தன. 'தலித்' என்னும் சொல் தமிழில் பரவலாக வழங்கத் தொடங்கியது 1980களிலும் 1990களிலுமே ஆகும்.

எனவே, 'தலித்' என்னும் ஒரு சொல்லை மட்டும் கொண்டு நூற்பட்டியலைப் புரட்டும் மாணவன், கடந்த நாற்பது ஆண்டுகளின் நூல்களைக் கண்டு மீள்வான். அதற்கு முற்பட்ட நூறாண்டு அவன் கண்ணிற் படாது. தன் பாட்டனார் காலத்தை 'அரிசனர்' என்னும் தலைப்பிலும், அவர்தம் பாட்டனார் காலத்தைப் 'பஞ்சமர்', 'பறையா' என்னும் தலைப்புகளிலும் அவன் தேடியாக வேண்டும். இவற்றுட் சில நம்மை இழிவுபடுத்தும் நோக்கோடு பிறர் ஆண்டவை. கேட்க நெஞ்சு கசப்பவை. எனினும், இழிசொல்லைக் கண்டு ஏட்டை மூடினால், அவ்வேட்டினுள் இருக்கும் நம் முன்னோரும் மூடப்பட்டுப் போவர்.

நம்மவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர்களும் உள. அயோத்திதாசப் பண்டிதர் 'பூர்வத் தமிழர்', 'சாதிபேதமற்ற திராவிடர்', 'பூர்வ பௌத்தர்' என்னும் பெயர்களை வற்புறுத்தினார். இரட்டைமலை சீனிவாசனாரோ, பிறர் இழிவாகக் கூறிய பெயரையே நாணாது எடுத்து, 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' எனச் சூட்டினார். இப்பெயர்களுக்குப் பின்னுள்ள கருத்துப் போரை அறிவதே ஓர் ஆய்வுப் பொருளாகத் தகும்.

இடப்பெயருக்கும் இவ்விதி பொருந்தும். அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் பண்டு செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1997இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இவை திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கின. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடும், 2018இல் சென்னை மாவட்டத்தோடும் இணைந்தது. ஆகவே 'திருவள்ளூர் மாவட்டம்' என்னும் தலைப்பில் 19ஆம் நூற்றாண்டைத் தேடுவார்க்கு ஒன்றும் அகப்படாது. செங்கல்பட்டு மாவட்டம், அதனுள் சைதாப்பேட்டை முதலிய பழைய வட்டங்கள் எனத் தேடுதல் வேண்டும். குரோல் என்பார் தொகுத்து 1879இல் வெளிவந்த செங்கல்பட்டு மாவட்டக் கையேடு அத்தேடலுக்கு நல்ல தொடக்கமாகும்.

துறைப்பெயரும் மயக்கம் தரவல்லது. 1920களிலும் 1930களிலும் நம் சேரிப் பள்ளிகள், வீட்டுமனைகள், குடிநீர்க் கிணறுகள் பற்றிய செய்திகளைக் கல்வித் துறை ஏடுகளில் மட்டும் தேடினால் போதாது. அக்காலத்தில் அப்பணிகளை மேற்கொண்டவர் தொழிலாளர் ஆணையர். 'லேபர் ஸ்கூல்' என்று நம் முதியோர் கூறக் கேட்டிருப்பீர்கள். அப்பெயரின் காரணம் இதுவே. பின்னர் அரிசன நலத்துறையும் அதன் வழித்தோன்றலாக ஆதிதிராவிடர் நலத்துறையும் அப்பள்ளிகளை ஏற்றன.

ஓர் அரசாணையைத் தொடர்ந்து செல்வோம்

முறையைச் சொல்வதினும் ஓர் எடுத்துக்காட்டைத் தொடர்ந்து காட்டுதல் நன்று. நம் மேடைகளிற் பெரிதும் பேசப்படும் பஞ்சமி நிலத்தையே எடுத்துக் கொள்வோம். 12 இலட்சம் ஏக்கர் நிலம் நம் மக்களுக்கு அளிக்கப்பட்டதென்று பேச்சாளர் பலர் கூறுவர். அவ்வெண்ணைத் தன் ஆய்வேட்டில் எழுதப் புகும் மாணவன், "இதனை முதலிற் கூறியவர் யார்? எவ்வாவணத்தின்படி கூறினார்? எக்கணக்கு எவ்வாண்டுக்குரியது?" என வினவிச் சான்றைக் கண்டபின்னரே எழுதுதல் வேண்டும். நமக்கு உவப்பான எண்ணாயினும், சான்றின்றி எழுதினால், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பார் அதனை ஒரு நொடியில் தகர்ப்பர்.

முதலாவதாக, பின்வந்தோர் எழுதிய நூல்களைக் காண வேண்டும். இவை துணைமைச் சான்றுகள். தர்மா குமார் 1965இல் எழுதிய தென்னிந்திய நிலமும் சாதியும் பற்றிய நூல், யூஜின் இர்சிக் 1994இல் செங்கல்பட்டுப் பகுதியைப் பற்றி எழுதிய நூல், ரூபா விசுவநாத் 2014இல் வெளியிட்ட நூல் ஆகியவற்றைப் புரட்டினால், 1891ஆம் ஆண்டின் ஓர் அறிக்கை பற்றிய குறிப்புக் கிடைக்கும். செங்கல்பட்டில் ஆட்சியராயிருந்த திரமென்கீர் என்பார் அதனை எழுதினார். நூலின் அடிக்குறிப்பே அடுத்த கதவைத் திறக்கும் திறவுகோல். அடிக்குறிப்பைப் படியாது செல்பவன் வழிகாட்டிப் பலகையைப் பாராது செல்லும் வழிப்போக்கனை ஒப்பான்.

இரண்டாவதாக, முதன்மைச் சான்றை நாட வேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அதற்குரிய இடம். அங்கு, "பஞ்சமி நிலம் பற்றிய ஏடு தாருங்கள்" என்று பொதுப்படக் கேட்டுப் பயனில்லை. வருவாய்த் துறை, அரசாணை எண் 1010, 1010-அ, நாள் 30.9.1892 எனத் துறையும் எண்ணும் நாளும் குறித்துக் கேட்டல் வேண்டும். எண் அறியாதார் அவ்வாண்டிற்குரிய அகரவரிசைச் சுட்டியிற் கண்டு கொள்ளலாம். கல்லூரிப் பேராசிரியரின் அறிமுகக் கடிதத்தோடு செல்லுதல் நலம்.

அவ்வறிக்கையைப் படிப்பார் நெஞ்சம் கலங்கும். தாம் குடியிருக்கும் மனையும் தமக்கு உரிமையற்றதாய், மிராசுதார் வெளியேறு என்றால் வெளியேற வேண்டிய நிலை. பட்ட கடனுக்கு வழிவழியாகப் படியாளாய் உழைக்கும் நிலை. தரிசு நிலத்திற்குத் தர்க்காஸ்து கொடுத்தால், மிராசுதார்க்கே முன்னுரிமை என்று மறுக்கப்படும் நிலை. இவற்றையெல்லாம் அவ்வாட்சியர் எடுத்துரைத்து, மனையுரிமையும் நிலமும் கல்வியும் வழங்கப் பரிந்துரைத்தார். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பகுதியில் வில்லியம் கௌடி ஆகிய சமயப் பணியாளர்களும் இதே காலத்தில் இக்குறைகளை எழுப்பினர்.

மூன்றாவதாக, ஓர் ஆவணத்தோடு நிற்றல் கூடாது. ஆட்சியர் கேட்டது வேறு. வருவாய் வாரியம் அதற்கு எதிருரைத்தது வேறு. அரசு இறுதியாக ஒப்பியது வேறு. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவனே உண்மையை நெருங்குவான். எழுதியவர் யார், எப்பதவியினர், யாருக்கு எழுதினார், எதை எழுதாது விட்டார் என ஒவ்வோர் ஏட்டிடமும் கேட்டல் வேண்டும். இவ்வேடுகளில் நம் முன்னோரைப் பற்றிப் பிறர் பேசுகின்றனர். அவர்கள் தாமே பேசும் இடங்கள் மிகச் சிலவே. அவர்தம் விண்ணப்பங்களும் சாட்சியங்களும் கிடைப்பின், அவற்றைப் பொன்னெனப் போற்றிப் படியெடுத்தல் வேண்டும்.

நான்காவதாக, ஏட்டிலிருந்து ஊருக்குத் திரும்ப வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்து 'அ' பதிவேட்டில் சில புல எண்களுக்கு எதிரே 'டி.சி.' என்னும் இரண்டெழுத்துக் காணப்படலாம். பெயர் வரலாற்றை அறியாதான் அதனை மாவட்ட ஆட்சியர் எனப் பொருள் கொண்டு கடந்து போவான். அறிந்தவனோ, அஃது ஒடுக்கப்பட்ட வகுப்பாரைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் என்றும், பிற வகுப்பார்க்கு விற்கக் கூடாதென்னும் நிபந்தனையோடு அளிக்கப்பட்ட நிலம் என்றும் உணர்வான். 1980களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்திற்கு முந்தைய பதிவேட்டையும் பிந்தைய பதிவேட்டையும் ஒப்பிட்டால், அவ்விரண்டெழுத்து நின்றதா மறைந்ததா என்பது விளங்கும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இத்தேடலுக்குத் துணைநிற்கும்.

இஃது ஏட்டுப் படிப்பு மட்டுமன்று. பஞ்சமி நில மீட்புக்காகப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். நம் பகுதியிலோ, 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது முதல் கழனிகள் ஆலைகளாகவும் மனைப்பிரிவுகளாகவும் மாறிவிட்டன. வரப்பும் வாய்க்காலும் மறைந்த இடத்தில், எந்நிலம் யாருடையதாயிருந்தது என்று சொல்ல ஏடு ஒன்றே எஞ்சியுள்ளது.

அடுக்குகளில் தேடும் முறை

நூலக அடுக்குகளைப் பற்றியும் சில கூற வேண்டும். தூயி என்பாரின் பதின்மப் பகுப்பு முறையில் அறிவுத்துறை அனைத்தும் பத்து வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 200 சமயம், 300 சமூக அறிவியல், 900 வரலாறும் நிலவியலும். இந்திய வரலாறு 954இல் அடங்கும். நம் மக்களைப் பற்றிய நூல்கள் ஒரே அடுக்கில் இரா. பௌத்தம் தழுவியது பற்றிய நூல் சமயத்திலும், நிலவுரிமை நூல் பொருளியலிலும், பள்ளிகள் பற்றிய நூல் கல்வியிலும், தலைவர் வரலாறு 920களிலும் சிதறிக் கிடக்கும். ஒரு நூலைக் கண்டதும் அதன் இருபுறத்து நூல்களையும் எடுத்துப் பார்த்தல் வேண்டும். தேடாத நூல் கைக்கு வருவது அவ்வாறே.

குறிப்பெடுத்தலில் ஒழுங்கு வேண்டும். ஓர் அட்டையில் ஒரு செய்தி, தலைப்பில் பொருள், அடியில் ஆசிரியர், நூல், பதிப்பாண்டு, பக்கம். ஆவணமாயின் துறை, எண், நாள். நூலாசிரியரின் சொல் எது, தன் சொல் எது என்பது அட்டையைப் பார்த்த அளவில் தெரிய வேண்டும். இக்காலத்தில் செல்பேசியாற் படம் எடுத்துக் கொள்வோர் பலர். அனுமதி உள்ள இடத்தில் அது தவறன்று. எனினும் எந்நூலின் எப்பக்கம் என உடனே குறித்து வையாத நூறு படங்கள் உமியை ஒக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆங்கும் பெயர் பற்றிய மேற்கூறிய விதியே பொருந்தும். பழைய எழுத்துக்கூட்டலையும் இட்டுத் தேடிப் பார்த்தல் வேண்டும்.

நம்மவர் நடத்திய இதழ்கள்

நம் மக்கள் எழுத்தறிவற்றவராயிருந்தனர் என்று கூறுவார்க்கு விடை இதழ்களில் உள்ளது. 1869 முதல் 1943 வரை வெளிவந்த தலித் இதழ்களைப் பற்றி ஜெ. பாலசுப்பிரமணியம் தனி நூலே எழுதியுள்ளார். அயோத்திதாசர் 1907 சூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். ஓராண்டிற்குப் பின் 'தமிழன்' எனப் பெயர் மாறி, 1914இல் அவர் மறையும்வரை அவரால் நடத்தப்பெற்றது. பெரிய நூலகங்கள் பலவும் அதனைப் பொருட்படுத்தாதிருந்த காலத்தில், அன்பு பொன்னோவியம் முதலிய அன்பர்கள் அவ்விதழ்களைத் தம் இல்லங்களில் கட்டிக் காத்தனர். அதன் பயனாகவே ஞான. அலாய்சியசு தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வழி வெளிவந்து, அறிஞர் உலகை வியப்பில் ஆழ்த்தியது. இதழ்கள் கிடைக்காதவிடத்து, அரசு மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்திற் சுருக்கி அளித்த சுதேசிப் பத்திரிகை அறிக்கைகளில் தேடுதல் வேண்டும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் தனி ஒருவராகச் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் கொண்டு 1994இல் அமைந்த ஆராய்ச்சி நூலகம், தொடக்கத்தில் நம் அம்பத்தூரை அடுத்த முகப்பேரில் இருந்து, பின் தரமணிக்கு மாறியது. பிறர் குப்பை என ஒதுக்கிய துண்டுத்தாளும் ஒரு நாள் சான்றாகும் என்பதற்கு அந்நூலகமே சான்று.

அண்ணலின் வழி

நூலகத்தை நம் உரிமைப் போரின் பாசறையாக்கிக் காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். 1913இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்ற அவர், 1916 மே மாதத்தில் சாதியின் தோற்றம் பற்றிய ஆய்வுரையை அங்கு அளித்தார். இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்தில் நாள் முழுதும் அமர்ந்து படித்தார். ரூபாயின் சிக்கல் பற்றிய நூல் 1923லும், மாகாண நிதி பற்றிய நூல் 1925லும் வெளிவந்தன. இவ்விரண்டும் அரசின் அறிக்கைகளையும் கணக்குகளையும் நுணுகி ஆராய்ந்து எழுதப்பெற்றவை. பின்னாளில் வட்டமேசை மாநாட்டிலும் அரசியல் நிர்ணய மன்றத்திலும் அவர் உரைத்தவற்றை எவராலும் எளிதிற் புறந்தள்ள இயலாமற் போனமைக்கு அவ்வுழைப்பே அடிப்படை. அவர் படத்திற்கு மாலையிடும் நம் இளைஞர் அவர் படித்த முறையையும் பின்பற்றுதல் வேண்டும்.

சங்கத்தின் கடமை

இறுதியாக, நம் கல்விச் சங்கத்தார்க்குச் சில வேண்டுகோள் விடுக்கின்றோம். ஆண்டுதோறும் கல்லூரியில் சேரும் நம் மாணவர் அனைவரையும் ஒரு நாளேனும் கன்னிமாரா நூலகத்திற்கும் ஆவணக் காப்பகத்திற்கும் அழைத்துச் சென்று, ஒவ்வொருவரும் தத்தம் ஊர் பற்றிய ஒரு சான்றையேனும் கண்டெடுத்து எழுதி வருமாறு பயிற்சி அளிக்கலாம். சங்க அறையில் ஓர் அலமாரி ஒதுக்கி, நம் முதியோரிடம் உள்ள பழைய பட்டாக்கள், பள்ளிச் சான்றிதழ்கள், கூட்ட அழைப்பிதழ்கள், நிழற்படங்கள் ஆகியவற்றின் படிகளைப் பெயரும் ஆண்டும் குறித்துச் சேர்க்கலாம். எண்பது வயது கடந்த மூதாட்டியர் நினைவிற் கொண்டுள்ள கழனிப் பெயர்களையும் கிணற்றுப் பெயர்களையும் இன்றே எழுதி வைத்தல் வேண்டும். அவர்கள் மறைந்தபின் எந்நூலகத்திலும் அவை கிடையா.

இன்னும் ஒன்று. வெள்ளி விழா மலர்கள் விழா முடிந்ததும் வீட்டுப் பரண்களைச் சேர்வதே வழக்கமாகிவிட்டது. இம்மலரின் படியைக் கன்னிமாரா நூலகத்திற்கு முறைப்படி அனுப்பிச் சேர்ப்பித்து, ஒப்புகைச் சீட்டினைப் பெற்றுச் சங்க அலுவலகத்தில் வைத்தல் வேண்டும். நூறாண்டு கழித்து, நம் பேரப்பிள்ளைகளின் பிள்ளை ஒருவர், அன்று நமக்கு வழங்கும் பெயர் எதுவாயினும், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதியில் நம் மக்கள் எவ்வாறு கல்வி பெற்றனர் என்று தேடி அங்கு வரக்கூடும். அவர் வெறுங்கையோடு திரும்பாதிருக்க வேண்டும்.

வாழ்க நம் கல்விச் சங்கம்! வளர்க மாணவர்தம் ஆய்வு நெறி!